வயதும் எதிர்ப்பொருளும்: கொரோனா பற்றிய முக்கியக் குறிப்புகள்

(போட்டித் தேர்வர்களுக்காக, செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரச் செய்திகளுடன்)

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரிடம் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறது? ஒருவர் உடலில் எவ்வளவு இருக்கிறது? இருப்பது வைரஸை முடக்குகிறதா? கணக்கெடுப்புகள் சொல்லும் சதவீதம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை. மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான்.

● எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி செல்களிலிருந்து உருவாகும் பிளாஸ்மா செல்கள். வகைகள் 5: ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ, ஐஜிஇ, ஐஜிடி. நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குச் செல்வது ஐஜிஜி மட்டும். தாய்ப்பாலில் மிகுந்திருப்பது ஐஜிஏ. தொற்றே வராத பச்சிளங்குழந்தையின் ரத்தத்திலும் கொரோனா எதிர்ப்பொருள் இருக்கக் காரணம், தாயிடமிருந்து வந்த ஐஜிஜி.

● சார்ஸ்-கோவ்-2 வைரஸில் கவனிக்க வேண்டிய புரதங்கள் 2. வெளியே முள்போல் நீட்டிக்கொண்டிருப்பது ஸ்பைக் (எஸ்), உள்ளே ஆர்.என்.ஏ.வைப் பொதிந்திருப்பது நியூக்ளியோகேப்சிட் (என்). கோவிஷீல்டு எஸ் புரதத்துக்கு எதிராக மட்டுமே எதிர்ப்பொருளைத் தூண்டும். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ் என்பதால், அதைப் போட்டவரிடம் என் புரத எதிர்ப்பொருளும் தோன்றலாம்.

● குழந்தைகள்: கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று (நேச்சர் இம்யூனாலஜி இதழ்) தொற்றுக்குப் பின் பெரியவர்களிடம் எஸ், என் இரண்டுக்கும் எதிராக எதிர்ப்பொருள் இருந்ததையும், குழந்தைகளிடம் பெரும்பாலும் எஸ் புரதத்துக்கு எதிரான ஐஜிஜி மட்டுமே இருந்ததையும் காட்டியது. குறைவு என்றால் பலவீனம் என்று எழுதிவிடாதீர்கள். குழந்தையின் உடல் வைரஸைச் சீக்கிரமே அடக்கிவிடுவதால், உள்ளே மறைந்திருக்கும் என் புரதம் அதிகம் வெளிப்படுவதில்லை என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

● சாதாரணச் சளிக்குக் காரணமான கொரோனா வைரஸ்கள் 4: 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயு1. பள்ளி வயதை எட்டுமுன்பே பெரும்பாலோர் இவற்றைச் சந்தித்துவிடுகிறார்கள். கோவிட் வராத சிறுவர்கள் பலரிடமும் புதிய வைரஸை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் இருந்ததை லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தார் 2020இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டனர்.

● முதியவர்கள்: இது இருமுனைக் கேள்வி. நோய் கடுமையாக வந்தவருக்கு எதிர்ப்பொருள் அளவு கூடும். கடுமையான நோய் முதியவர்களிடம் அதிகம் என்பதால் தொற்றுக்குப் பிறகு அவர்களிடம் அளவு உயர்ந்து காணப்படுவதுண்டு. தடுப்பூசி போட்டால் நிலை தலைகீழ். தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்குகிறது, புதிய டி செல்கள் குறைகின்றன, பி செல்களுக்கு அவை தரும் உதவியும் குறைகிறது. பைசர் ஊசியின் முதல் தவணைக்குப் பின் 80 வயதைக் கடந்தவர்களிடம் வைரஸை முடக்கும் திறன் குறைந்திருந்ததைக் கேம்பிரிட்ஜில் ரவீந்திர குப்தா குழுவினர் 2021இல் காட்டினர். இரண்டாம் தவணை அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்தது.

● தேசியக் கணக்கெடுப்பு (ஐ.சி.எம்.ஆர்., 4ஆம் சுற்று, 2021 ஜூன்–ஜூலை): எதிர்ப்பொருள் இருந்தவர்கள் மொத்தம் 67.6%. வயது 6–9: 57.2%; 10–17: 61.6%, 18–44: 66.7%, 45–60: 77.6%; 60க்கு மேல்: 76.7%.
இதைப் பார்த்து ‘முதியவர்களின் எதிர்ப்புத் திறன் அதிகம்’ என்ற விடையைத் தேர்ந்தெடுத்தால் தவறு. 60 வயது நிரம்பியவர்களுக்கு மார்ச் 1 முதலும், 45 வயது நிரம்பியவர்களுக்கு ஏப்ரல் 1 முதலும் ஊசி போடப்பட்டிருந்தது. சிறுவர்களுக்கு அப்போது ஊசியே இல்லை. அப்படியானால் அந்த 57.2% தொற்றால் மட்டுமே வந்தது. பள்ளிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்த காலத்தில். என் பார்வையில் அட்டவணையின் மிக முக்கியமான எண் அதுதான்.

● தமிழகப் பொது சுகாதாரத் துறையின் எதிர்ப்பொருள் கணக்கெடுப்பு, 3ஆம் சுற்று (2021 ஜூன்–ஜூலை): 66.2%. அதிகம் விருதுநகர் (84%), குறைவு ஈரோடு (37%). டிசம்பரில் 4ஆம் சுற்று: 87%.

● ‘செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு’: 1968இல் தொடங்கியது. காசநோய்த் தடுப்பூசி ஆய்வுகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது முடிவு. பொறி ஒன்று உண்டு: பெயர் செங்கல்பட்டு என்றாலும் களப்பணியின் மையம் திருவள்ளூர். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29இல் உதயமானது. 2020இல் சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதே பி.சி.ஜி.யைக் கொரோனாவை முன்னிட்டு முதியவர்களுக்குப் போட்டுப் பார்த்தது; நினைவு செல்களும் மொத்த எதிர்ப்பொருள் அளவும் கூடின.

● செங்கல்பட்டு அருகே திருமணியில் உள்ளது எச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். அங்கே கொரோனா தடுப்பூசி உற்பத்தி நடக்கவில்லை.

● கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள கோவளம்: 2021 ஜூனில் ஊசி போட்டுக்கொண்ட மீனவக் குடும்பங்களுக்குத் தன்னார்வ அமைப்புகள் பிரியாணி கொடுத்தன, குலுக்கலில் தங்க நாணயம், பைக் முதலான பரிசுகளையும் அறிவித்தன. தயக்கம் கலைந்து வரிசை நீண்டது.

● தடுப்பூசி தொடங்கிய தேதிகள்: 18 வயது நிரம்பியவர்கள் – 2021 மே 1, 15–18 (கோவாக்சின்) – 2022 ஜனவரி 3, 12–14 (கோர்பிவேக்ஸ்) – 2022 மார்ச் 16; முன்னெச்சரிக்கைத் தவணை (முன்களப் பணியாளருக்கும், இணைநோயுள்ள 60 வயது நிரம்பியவர்களுக்கும்) – 2022 ஜனவரி 10.

● வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா (செங்கல்பட்டு மாவட்டம்): 2021 ஜூன் 3இல் நீலா என்ற பெண் சிங்கமும் (வயது 9), ஜூன் 16இல் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் (வயது 12) கொரோனாவால் இறந்தன. 4 சிங்கங்களின் மாதிரிகளில் டெல்டா வகையை (பி.1.617.2) உறுதிசெய்தது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம். புனே என்று விடை எழுதுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.