பழைய காரில் கியர் முரண்டு பிடிக்கிறதா?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஏதாவது ஒரு பழைய காரை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. கியர் விழவில்லை என்றதுமே "பாக்ஸை இறக்கிடலாம் சார்" என்பார் மெக்கானிக். உடனே தலையாட்டாதீர்கள். பல நேரம் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.

1. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பல் மோதி நின்றால் வண்டியை லேசாக நகர்த்திவிட்டுப் போடலாம். அணைத்திருக்கும்போது சுலபமாக விழும் கியர், ஸ்டார்ட் செய்தபின் கரகரவென்று கத்தினால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. அணைத்திருக்கும்போதும் இறுகினால், கைப்பிடியைப் பெட்டியோடு இணைக்கும் லிங்க்கைச் சந்தேகியுங்கள்.

2. கிளட்ச் பெடலைக் கையால் அமுக்குங்கள். எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் இறங்கி, அதன்பிறகு கனக்க வேண்டும். அந்த 'ப்ளே' அதிகமானால் கியர் கத்தும். அறவே இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் தேயும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள்.

3. ஹெரால்டு போல ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்துவிட்டுப் போடுங்கள். அப்போது மட்டும் கியர் விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவு உறுதி. அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். கிளட்ச் ஃப்ளூயிட் பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

4. ஸ்டியரிங்கிலேயே கியர் உள்ள அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பெரிய தலைவலி லிங்க்தான். கைப்பிடியில் நாம் செய்யும் அசைவு, ராடுகளையும் மூட்டுகளையும் தாண்டித்தான் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. மூட்டுக்கு மூட்டு புஷ் கொஞ்சம் தேய்ந்தாலும் எல்லாம் சேர்ந்து கைப்பிடி தொளதொளவென்று ஆடும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து கியரை மாற்றச் சொல்லி, பானெட்டைத் திறந்து கவனியுங்கள். கைப்பிடி அசைந்தும் ராடு அசையாமல் நிற்கும் இடத்தில்தான் தேய்மானம். பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து கெட்டித்துப் போயிருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். புஷ்ஷுக்கு ஆகும் செலவு சொற்பம். இதெல்லாம் எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தபின்தான்.

5. இந்தத் தலைமுறை கார்கள் பலவற்றில் முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் கிடையாது. உருளும்போது முதல் கியர் போட்டால் கத்தத்தான் செய்யும். அது கோளாறு அல்ல. வண்டியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். நின்றபின்னும் கத்தினால் முதலில் இரண்டாம் கியரைத் தொட்டுவிட்டு முதலுக்கு வாருங்கள். ரிவர்ஸுக்கும் இதே வைத்தியம்.

6. போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா? எஞ்சின், கியர்பாக்ஸ் மவுன்ட்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா, லிங்க் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி என்றால் உள்ளே ஸ்பிரிங்கோ பல்லோ தேய்ந்திருக்கும். இதைத் தள்ளிப்போடவே கூடாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் இறங்கும்போது இரண்டாம் கியர் கழன்றால், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

7. கியர் ஆயில் மாற்றும்போது ஊற்றும் வாயின் மூடியை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் வடிக்கும் மூடியைக் கழற்றுங்கள். மேல்மூடி துருப்பிடித்துத் திறக்க வராமல், ஆயிலை மட்டும் வடித்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு. வடித்த ஆயிலை வெயிலில் பாருங்கள்: பொன்னிறத் துகள் மினுங்கினால் சின்க்ரோ வளையம் தேய்கிறது, இரும்புச் சில்லு கிடந்தால் பல் உடைந்திருக்கிறது. விலை கூடியது நல்லது என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். மேனுவல் சொல்லும் ரகமே போதும்.

8. மழைக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த வண்டியில் எஞ்சின் ஓடும்போது எந்த கியரும் விழாவிட்டால், கிளட்ச் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள். கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம்.

9. எல்லாம் பார்த்தபின் பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்றால், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ், ஆயில் சீல் நான்கையும் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இவற்றுக்காகத் தனியாக இன்னொரு முறை இறக்கினால் கூலி மறுபடியும் முழுசாக ஆகும்.