வரைபடத்தோடு வியாபார இரகசியமும் வெளியே போகலாமா?

கடையின் கண்ணாடிப் பெட்டியில் நாலு சாமான்களை அடுக்கி வைக்கின்றோம். களஞ்சியசாலையின் சாவியை யாரும் அதற்குள் வைப்பதில்லை. ஆனால் இணையத்தளத்தில் வரைபடம் போடும்போது நம் வர்த்தகர்கள் பலர் சாவியையும் சேர்த்தே வைத்துவிடுகின்றார்கள்.

விநியோகத் தொழில் செய்பவர்களிடம் முகவர்கள், சில்லறைக் கடைகள், லொறி செல்லும் பாதைகள் எல்லாம் குறிக்கப்பட்ட வரைபடம் இருக்கின்றது. என்னிடமும் இருக்கின்றது. விற்பனைப் பையன்கள் வெயிலிலும் மழையிலும் பல வருடங்கள் அலைந்து திரட்டிய விபரம் அது. போட்டியாளரின் கைக்குப் போனால் அத்தனை வருட முதலீடும் இனாமாகப் போனதாகிவிடும்.

இது எப்படி வெளியேறுகின்றது? இணைய வரைபடங்கள் பலவற்றில் கடைகளின் அட்டவணை முழுவதும் பார்ப்பவரின் கணினிக்கு இறங்கி, அங்கேதான் புள்ளிகளாக மாறுகின்றது. புள்ளியைத் தொட்டால் மட்டுமே தெரியும் என்று நாம் நினைக்கும் தொலைபேசி இலக்கமும் கொள்முதல் தொகையும் அதற்கு முன்பே இறங்கிவிட்டன. விடயம் தெரிந்தவர் சில நிமிடங்களில் அதைத் தனிக் கோப்பாக எடுத்துக்கொள்வார். சுட்டியின் வலது பொத்தானை முடக்கி வைப்பதால் பயனில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. வாடிக்கையாளருக்குத் தேவையற்ற விபரத்தை மறைத்தால் போதாது, கோப்பிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

2. இருப்பிட எண்களைச் சுருக்குங்கள். தசமத்துக்குப் பின் 5 இலக்கங்கள் இருந்தால் ஏறத்தாழ 1 மீற்றர் வரை துல்லியமாகத் தெரியும். 2 இலக்கங்கள் என்றால் ஏறத்தாழ 1 கிலோமீற்றர்தான். எந்தப் பகுதிகளுக்கு விநியோகம் உண்டு என்று காட்டுவதற்குப் புள்ளியே வேண்டாம். பிரதேச செயலாளர் பிரிவுக்கு நிறம் தீட்டினால் போதும்.

3. முழுப் பட்டியலையும் அனுப்பாமல், கேட்டவருக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று கடைகளை மட்டும் சேவர் அனுப்பட்டும். ஒருவர் எத்தனை தடவை கேட்கலாம் என்பதற்கும் எல்லை வையுங்கள்.

4. வரைபடச் சேவைக்குரிய இரகசியக் குறியீட்டை உங்கள் தளத்தில் மட்டும் இயங்குமாறு கட்டுப்படுத்துங்கள்.

பெயரை நீக்கினால் போதும் என்றும் எண்ண வேண்டாம். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி நிறுவனம் பாவனையாளர்கள் ஓடிய பாதைகளைப் பெயரில்லாமல் உலக வரைபடமாக வெளியிட்டது. படைவீரர்களின் ஓட்டப் பாதைகளால் இராணுவ முகாம்களின் அமைப்பு அதில் வெளிப்பட்டிருந்தது 2018 ஜனவரியில் அம்பலமானது.

சட்டம் காக்காதா என்று கேட்பீர்கள். பிரித்தானியாவில் தமது வரைபடங்களைப் பிரதி செய்ததாக ஓர்ட்னன்ஸ் சேர்வே தொடுத்த வழக்கில், ஓட்டோமொபைல் அசோசியேஷன் 2001இல் 20 மில்லியன் பவுண் செலுத்த இணங்கியது. வீதிகளின் அகலம் வரையப்பட்ட பாணி போன்ற நுட்பங்களே காட்டிக்கொடுத்தன. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் வரைபடத்துக்குப் பாதுகாப்பளிக்கின்றது. ஆனால் வெறும் தரவுகளுக்கு அந்தப் பாதுகாப்பில்லை. வியாபார இரகசியம் என்று வாதாடுவதற்கும், அதை இரகசியமாக வைக்க நாம் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். தெருவில் கொட்டிவிட்டு இரகசியம் என்று சொல்ல முடியாது.

வரைபடத்தை வெளியிடுமுன் தளம் அமைப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “பார்ப்பவரின் கணினிக்கு எந்தெந்த விபரம் இறங்குகின்றது?” தெளிவான பதில் வரும்வரை வெளியிட வேண்டாம்.