சேமிப்புப் புத்தகத்தைக் காத்த பெண்மணி

பினாங்குத் தீவுக்குச் சென்று வரும் நம் தோட்டத்து மக்கள், ஜார்ஜ்டவுன் நகரின் பீச் ஸ்திரீட்டில் பருத்த தூண்களோடு வரிசையாக நிற்கும் வங்கிக் கட்டடங்களைக் கண்டிருப்பர். சார்ட்டர்ட் வங்கி 1875-ஆம் ஆண்டிலும், ஹாங்காங் வங்கி 1884-ஆம் ஆண்டிலும் இந்நகரில் கிளை திறந்தன. அண்மையில் உள்ள பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. 1937-ஆம் ஆண்டில் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கப்பெற்ற இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அடுத்துப் பினாங்கிலும் கிளை கண்டது.

அந்த வங்கியில் பணம் போட்ட ஒருவருடைய சேமிப்புப் புத்தகத்தின் கதையைக் கேளுங்கள். 1969-ஆம் ஆண்டில் இந்திய அரசு தன் நாட்டின் பெரிய வங்கிகளைத் தேசியமயமாக்கியது. அயல்நாட்டு அரசின் உடைமையான வங்கி இங்கே இயங்க நம் நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே 1973-ஆம் ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைட்டெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றன் மலேசியக் கிளைகளும் இணைந்து யுனைட்டெட் ஏசியன் வங்கி ஆயின. அது 1991-ஆம் ஆண்டில் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைந்தது. 1999-ஆம் ஆண்டில் பூமிபுத்ரா காமர்ஸ் வங்கி ஆயிற்று. 2006-ஆம் ஆண்டில் சி.ஐ.எம்.பி. வங்கி ஆயிற்று. புத்தகத்தின் மேலட்டையில் பெயர் நான்கு முறை மாறியது. உள்ளே எழுதியிருந்த வெள்ளிக்குக் குறைவு நேரவில்லை.

இது தானாக நிகழ்வதன்று. வங்கிகளுக்கெல்லாம் மேலே நின்று கண்காணிக்கும் பேங்க் நெகாரா மலேசியா 1959-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் தோன்றியது. அதன் ஆளுநர் பொறுப்பைப் பதினாறு ஆண்டுகள் தாங்கியவர் ஒரு பெண்மணி: டான் ஸ்ரீ டாக்டர் ஸெத்தி அக்தார் அசிஸ்.

1947-ஆம் ஆண்டில் பிறந்த இவர், பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸின் புதல்வியார். தந்தையார் கூட்டுறவு இயக்கத்திற்கு உழைத்தவர். ஏழ்மையை அளக்க விந்தையான அளவுகோல் ஒன்றைக் கூறியவர். ஒரு வீட்டில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை சாரோங் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் அக்குடும்பத்தின் நிலை விளங்கிவிடும் என்பது அவர் கருத்து. புள்ளிவிவரத்திற்குப் பின்னால் மனிதர் இருக்கின்றனர் என்பதை மகள் வீட்டிலேயே கற்றிருப்பார் என்று கொள்வதில் தவறில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்ற ஸெத்தி அம்மையார், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1978-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பணமுதல் நாடுவிட்டு நாடு பாய்வதும் அதனால் எழும் விளைவுகளுமே அவருடைய ஆய்வுப் பொருள். அந்நாளில் அது எவருடைய கவனத்தையும் பெரிதாகக் கவர்ந்த பொருளன்று. 1985-ஆம் ஆண்டில் பேங்க் நெகாராவின் பொருளாதாரப் பிரிவில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். பதின்மூன்று ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன.

பிறகு புயல் வந்தது. 1997-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளி கொடுத்து வந்தோம். 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் 4 வெள்ளி 88 காசு கொடுக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் கோதுமைக்கும் பால்மாவுக்கும் மருந்துக்கும் இதனால் என்ன நேரும் என்பதைக் குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நம் ரிங்கிட்டை வெளிநாட்டுச் சந்தைகளில் வைத்துச் சூதாடியோர் ஒருபுறம். அதைத் தடுக்க வட்டியை உயர்த்தினால் உள்நாட்டில் கடன் வாங்கியவன் மூழ்குவான் என்ற இக்கட்டு மறுபுறம். அவ்வாண்டில் நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது.

ஆகஸ்டு இறுதியில் ஆளுநரும் துணை ஆளுநரும் பதவி விலகினர். அரசாங்கம் பணப்போக்குக்குக் கட்டுப்பாடு விதிக்க முடிவு செய்திருந்தது. செப்டம்பர் முதல் நாள் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்று அக்கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவரும் கடமை ஸெத்தி அம்மையாரிடம் வந்தது. மறுநாளே டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தப்பட்டது. வெளிநாட்டில் இருந்த ரிங்கிட் ஒரு மாதத்திற்குள் தாயகம் திரும்ப வேண்டுமென ஆணை பிறந்தது. உலகின் பொருளாதார வல்லுநர் பலர் இதனைக் கண்டித்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் நூலகத்தில் அமர்ந்து எப்பொருளை ஆராய்ந்தாரோ, அதுவே இப்பொழுது மேசை மேல் வந்து நின்றது.

1999-ஆம் ஆண்டில் பொருளாதாரம் 6.1 விழுக்காடு வளர்ந்தது. கட்டுப்பாடு ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் கூறமாட்டோம்; அவ்வழியில் செல்லாத தாய்லாந்தும் தென்கொரியாவும் கூட அவ்வாண்டில் மீண்டன. ஆயினும் அஞ்சியபடி நாடு முடங்கிவிடவில்லை.

நம் உள்ளத்தைத் தொடுவது அடுத்து நடந்ததுதான். ஒரு வாரத்திற்குள் வேறொருவர் ஆளுநராக நியமிக்கப்பட்டார். நெருக்கடியின் முதல் நாட்களைச் சுமந்த அம்மையார் மீண்டும் அவருக்குக் கீழே அமர்ந்து பணி செய்தார். 2000-ஆம் ஆண்டு மே முதல் நாளில்தான் அவர் நாட்டின் முதல் பெண் ஆளுநர் ஆனார். 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஓய்வு பெற்றார். தலைவர் நாற்காலி கிடைக்கவில்லையென்றால் சங்கத்தையே விட்டு விலகும் வழக்கம் நம்மிடையே இல்லையா? இந்த ஓர் இடத்தை நம் ஆடவரும் ஊன்றிப் படித்தல் நலம்.

பிறகு வந்தது வங்கிகளை இணைக்கும் பணி. ஐம்பதுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதி நிறுவனங்கள் பத்துக் குழுக்களாயின. நாவிதராய்த் தொழில் தொடங்கிப் பெருவணிகரான இயப் சோர் ஈ பினாங்கில் நிறுவிய பான் ஹின் லீ வங்கியும் 2000-ஆம் ஆண்டில் சதர்ன் வங்கியில் கலந்தது. பினாங்கு மக்களுக்கு இது வருத்தமே. ஆனால், பெயரைக் காப்பதா, போட்ட பணத்தைக் காப்பதா என்ற கேள்வி எழும்போது பொறுப்பில் இருப்பவர் இரண்டாவதையே தேர்ந்தாக வேண்டும்.

சிறு சேமிப்பாளருக்கு அவர் காலத்தில் கிடைத்தவை இரண்டு. 2005-ஆம் ஆண்டில் தோன்றிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் வழி, உறுப்பு வங்கி ஒன்று முறிந்தாலும், அவ்வங்கியில் ஒருவர் போட்ட பணத்தில் 250,000 வெள்ளி வரை திரும்பக் கிடைக்கும். முதலில் இந்த வரம்பு 60,000 வெள்ளியாக இருந்தது. லயத்தில் நாம் கட்டும் கூட்டுப் பணத்திற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. பிடித்தவர் ஓடிவிட்டால் பின்னால் ஓடுவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, 2006-ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம். வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் தவிப்போருக்கு அது கணக்குப் பார்த்து, வங்கியுடன் பேசித் தவணையை மாற்றி அமைத்துத் தருகிறது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆலோங்கிடம் வாங்கிய கடனை அது தீர்க்காது. ஆகையால் கடன் வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆயிரம் வெள்ளிக்கு மாதம் 15 வெள்ளி. மாதம் நூறு வெள்ளி கேட்பவனிடம் வாங்கினால், ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1,200 வெள்ளி ஆகும். முதல் அப்படியே நிற்கும்.

ஏ.கே.பி.கே.வுக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. செல்வோர் அடையாள அட்டை, கடைசிச் சில மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கியிலிருந்து வந்த கடிதங்கள் யாவற்றையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதங்களையும் சேர்த்துத்தான்.