செய்தி எழுதும் பெண்கள்

உத்தரப்பிரதேசத்தில் சித்திரகூடம் என்ற மாவட்டம் உள்ளது. 2002-ஆம் ஆண்டில் அங்குள்ள கிராமப் பெண்கள் ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள். அதன் பெயர் கபர் லஹரியா. செய்தி அலைகள் என்று பொருள். அவர்களில் சிலர் பெரியவர்களான பிறகே எழுத்துக் கற்றவர்கள்.

தாங்கள் பேசும் புந்தேலி மொழியில் எழுதினார்கள். குடிநீர் இல்லையா? சாலை பழுதா? நேரில் போய்ப் பார்த்தார்கள். விசாரித்தார்கள். எழுதினார்கள். மிரட்டல்களும் வந்தன. அவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை.

2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. 2013-இல் இணையதளம் தொடங்கினார்கள். பிறகு செல்பேசியிலேயே படம் எடுத்துச் செய்தி தந்தார்கள். கிராமத்துச் செய்தியை வெளியூராரும் அறிந்தார்கள்.

இணையத்தில் எழுதியது வேகமாகப் பரவும். தவறும் அப்படியே பரவும். ஆகவே, நன்கு விசாரித்த பிறகே எழுத வேண்டும்.

உங்கள் ஊரைப் பற்றி எதை எழுதுவீர்கள்? நான்கு வரி எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.