நட்டால் மட்டும் போதுமா?

போன வருஷம் தியோமான் தீவில் நீந்தும்போது களைப்பில் ஒரு 'கல்' மேல் ஏறி நின்றுவிட்டேன். "அது கல் இல்லை, உயிர்!" என்று படகோட்டி மலாயில் அதட்டினார்.

உண்மைதான். பவளப்பாறை, சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் பெரும்பகுதி உணவைத் தருகிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறும், பவளம் வெளுத்துவிடும். உருண்டை வகைப் பவளம் வருஷத்துக்கு 1 செ.மீ. வளர்ந்தாலே பெரிசு. நான் மிதித்தது எத்தனை வருஷ வளர்ச்சியோ!

உடைந்த துண்டுகளைச் சட்டத்தில் கட்டிக் கடலடியில் வைத்தால் மறுபடி வளரும். ஆனா வேலை அதோடு முடியலை. மேலே படரும் பாசியைச் சுரண்டணும், சிக்கிய வலையை அறுக்கணும், பவளத்தைத் தின்னும் முள் நட்சத்திர மீனைப் பொறுக்கணும். சுற்றுலா வந்தவர் நட்டுவிட்டுப் படகேறிவிடுவார். அடுத்த வாரம் யார் பார்ப்பது?

தியோமான் கடல் 1994-லேயே பாதுகாக்கப்பட்ட பூங்காவாகிவிட்டது. ஆனாலும் சட்டம் முக்குளிக்காதே! அதனால்தான் 'ரீஃப் செக் மலேசியா' அமைப்பு கம்பத்து மக்களுக்கே பயிற்சி கொடுக்கிறது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அவர்கள்தானே.

நண்பர்களே, நாம் அங்கே போனால் மிதவை உடுப்பைக் கழற்றவே வேண்டாம். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், நிற்கக் கூடாது.