குற்றாலச் சாரலும் சலாலாவின் கரீஃபும்

வளைகுடாவில் வளரும் நம் பிள்ளைகளிடம் இவ்வூரின் பருவங்கள் யாவை என்று வினவினால், "வெயில், கடும் வெயில்" என்று கூறிச் சிரிப்பர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் ஆகஸ்டு மாத மாலையொன்றில் குளிரூட்டிய வீட்டை விட்டு வெளியே வந்தவுடன் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்து வழி மறைந்துபோவதை அவர்களும் அறிவர். காற்றில் அத்துணை ஈரம் இருக்கின்றது. மழையோ ஒரு துளியும் இல்லை. அதே மாதத்தில் குற்றாலத்தில் சாரல் பொழிகின்றது. ஈரம் இருந்தும் இங்கே மழை ஏன் இல்லை? இவ்வினாவிற்கு விடை காண நாம் துபாயையும் அபுதாபியையும் விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டும்.

மழைக்கு ஈரம் மட்டும் போதாது. ஈரக்காற்று மேலே எழ வேண்டும். எழுந்து குளிர வேண்டும். குளிர்ந்தால்தான் நீராவி துளியாகத் திரளும். நிலநடுக்கோட்டருகே வெப்பத்தால் மேலெழும் காற்று, அங்கேயே மழையைப் பொழிந்துவிட்டு, உலர்ந்த காற்றாக உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பரவி, ஏறத்தாழ 30 பாகை அகலக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் கீழே இறங்குகின்றது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் அப்பட்டையிலேயே அமைந்துள்ளன. துபாய் 25 பாகையிலும் குவைத் 29 பாகையிலும் உள்ளன. இறங்கும் காற்று பானையின்மேல் வைத்த மூடிபோல் அழுத்துகின்றது. கடலிலிருந்து பகற்காற்று கொண்டுவரும் ஈரம் அம்மூடிக்குக் கீழேயே தேங்கி நின்று, நம் வியர்வையை உலரவிடாமல் வாட்டுகின்றது. வெயிலில் வேலை செய்வோருக்கு அமீரகத்தில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை கட்டாய ஓய்வு அளிக்கப்படுவதன் காரணத்தை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும்.

கோடையில் அம்மூடியை மேலும் இறுக்குவது யார் தெரியுமா? நம் ஊரின் தென்மேற்குப் பருவக்காற்றேதான்!

தென் இந்தியப் பெருங்கடலில் புறப்படும் அக்காற்று, நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியக் கரையோரம் வலப்பக்கமாகத் திரும்பி, அரபிக்கடலைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகின்றது. சோமாலியக் கரையருகே தாழ்ந்த உயரத்தில் அது கடும் விசையுடன் வீசுவதை 1969-இல் ஃபிண்ட்லேட்டர் என்னும் வானிலை அறிஞர் எடுத்துரைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. கேரளத்தில் பெருமழை பொழிந்தபின், செங்கோட்டைக் கணவாய் வழியே தவழ்ந்து வருவதே குற்றாலச் சாரல். மலையின் மறைவில் இருக்கும் தமிழகத்தின் பெரும்பகுதி அப்போது வறண்டே கிடக்கும். தென்மேற்குக் காற்று கைவிட்ட நிலங்கள் என்ற வகையில் நம் ஊரும் இவ்வூரும் ஒன்றுதான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்தியாவில் பருவமழை பெய்யும்போது நீராவி துளியாக மாறுவதால் மேல்வளியில் பெரும் வெப்பம் வெளிப்படுகின்றது. அவ்வெப்பம், இந்தியாவிற்கு மேற்கே உள்ள நிலப்பரப்புகளின்மேல் காற்றைக் கீழிறங்கச் செய்கின்றது என்று ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1996-இல் விளக்கினர். அங்கே மழை பொழிவதே இங்கே வானம் வறண்டிருப்பதற்கு ஒரு காரணமாகின்றது! மழைக்காலத்தில் ஈரான், பாகிஸ்தான் பகுதிகளில் நிலவும் தாழ்வழுத்தம், ஈராக்கின் சமவெளியிலிருந்து காற்றை இழுக்கின்றது. அதுவே சூன், சூலை மாதங்களில் புழுதியை வாரி இறைக்கும் ஷமால். அரபு மொழியில் ஷமால் என்றால் வடக்கு. அது நம் வாடைக்கு உறவான பெயர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று நம் முன்னோர் திசைக்கொரு பெயரிட்டனர். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் சோழகம், கச்சான் என்னும் பெயர்களையும் அறிவர். மாணவர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: காற்றுக்கு அது வரும் திசையால் பெயர், கடல் நீரோட்டத்திற்கோ அது செல்லும் திசையைச் சொல்வதே வழக்கம். தேர்வில் பலர் தடுமாறும் இடம் இது.

இனி சலாலாவிற்குச் செல்வோம். துபாயிலிருந்து சாலைவழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, ஓமானின் தோஃபார் கரையில் அந்நகர் உள்ளது. துபாயும் மஸ்கட்டும் 40 பாகைக்கு மேல் கொதிக்கும் சூலையில் அங்கே 25 பாகையளவே வெப்பம். மலைகள் பசுமை போர்த்தி நிற்கும். இப்பருவத்தையே கரீஃப் என்பர். குற்றாலச் சாரலைத் தரும் அதே தென்மேற்குக் காற்றுதான் இங்கும் வீசுகின்றது; ஆனால் வேலை செய்யும் முறை வேறு. தோஃபார் கரைக்கு ஏறக்குறைய இணையாக அது வடகிழக்கு நோக்கி வீசுகின்றது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் காற்றால் தள்ளப்படும் கடல்நீர் காற்றின் வலப்புறமாக விலகும். இங்கே வலப்புறம் என்பது ஆழ்கடற்புறம். கரையை விட்டு மேல்நீர் விலகவே, அவ்விடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகின்றது. அக்குளிர்நீரைத் தொட்ட ஈரக்காற்று மூடுபனியாகி மலைச்சரிவில் தங்குகின்றது. மேலே உள்ள வெப்பக்காற்று மூடியாகித் தடுப்பதால் பெருமழை இல்லை, தூறல் மட்டுமே. மரங்களின் இலைகள் மூடுபனியை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக வேருக்கு நீர் ஊட்டுகின்றன. அடிநீரோடு வரும் ஊட்டப்பொருள்கள் மீன்களைப் பெருக்குவதால் ஓமானில் மத்தி மீனுக்குக் குறைவில்லை. தென்னமெரிக்காவில் பெரு நாட்டுத் தலைநகர் லீமாவும் குளிர்நீர்க் கடலோரம் இவ்வாறே பனிமூட்டத்துடன், மழை அரிதாக இருக்கின்றது.

இக்காற்று திசை மாறுவதும் வியப்பே. நவம்பர் முதல் மார்ச்சு வரை அது வடகிழக்கிலிருந்து வீசும். அதனுடன் சோமாலிய நீரோட்டமும் திசை திரும்பிவிடும். பருவம் என்னும் பொருளுடைய 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லே ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. ஒரு பருவத்தில் செல்லவும் மறுபருவத்தில் திரும்பவும் காற்றே பாய்மரக் கப்பலுக்கு உதவியது. சலாலாவிற்குக் கிழக்கே கோர் ரோரி என்னுமிடத்தில் உள்ள பழைய சாம்பிராணித் துறைமுகத்தில், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு ஒன்று கிடைத்துள்ளது. அதில் கீரன் என்னும் தமிழ்ப் பெயரைப் படித்துள்ளனர், காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்பர். நக்கீரர் பெயரில் உள்ள அதே கீரன். நமக்கு முன்பே வளைகுடாப் பக்கம் வந்து சென்ற தமிழர் அவர் என்று கொண்டால் பிழையில்லை.

நம் வாசலில் உள்ள வளைகுடாக் கடலுக்கும் தனி நீரோட்டம் உண்டு. அதன் சராசரி ஆழம் 35 மீட்டர் அளவே. ஆறும் மழையும் தருவதைவிட வெயில் குடிக்கும் நீர் மிகுதி. அக்குறையை ஈடுசெய்ய ஓர்முஸ் நீரிணை வழியே பெருங்கடல் நீர் மேற்பரப்பில் உள்ளே வருகின்றது. உப்பேறிக் கனத்த நீர் அடியில் வெளியேறுகின்றது. இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு குவளை நீரில் இரு கரண்டி உப்பும் சிறிது வண்ணமும் கரைத்து, அதனை நல்ல நீருள்ள கண்ணாடிப் பாத்திரத்தின் ஓரமாக மெல்ல ஊற்றுக. வண்ணநீர் அடியில் சென்று படிவதைக் காண்பீர்.

குளிர்காலத்தில் மூடி தளரும். மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் தாழ்வழுத்தங்கள் அப்போது மழை தரும். அமீரகத்தின் ஆண்டு மழை சராசரியாக 100 மி.மீ. அளவினது. ஆனால் 2024 ஏப்ரல் 16-ஆம் நாளை நாம் மறக்க இயலாது. அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்திற்குள் 254.8 மி.மீ. பெய்தது, 1949-இல் பதிவுகள் தொடங்கிய பின் இந்நாடு கண்ட பெருமழை அதுவே. மேகத்தில் உப்புத் தூவியதால் வந்த மழை என்று பலரும் பேசினர். தூவலால் இருக்கும் மேகத்தைச் சற்றுத் தூண்டலாமேயன்றி, இத்தகைய மழையை உண்டாக்க இயலாது. உயரத்தில் வந்த குளிர்ந்த தாழ்வழுத்தமும் கடலிலிருந்து வந்த ஈரமும் சேர்ந்ததே காரணம். அதற்கு இரு நாள் முன்பு ஓமானில் பள்ளி மாணவர்கள் சென்ற வாகனத்தை வெள்ளம் அடித்துச் சென்று, பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். வாடி எனப்படும் வறண்ட பள்ளத்தாக்குகளின் இயல்பு அது. மலைமேல் பெய்த மழை, வெயில் காயும் பள்ளத்தில் திடீரெனப் பெருக்கெடுக்கும். மழை அறிவிப்பு வந்த நாளில் ஹஜர் மலைப்பக்கம் உலா செல்வதைப் பெற்றோர் அறவே தவிர்க்க வேண்டும். வெள்ளம் ஓடும் வாடிக்குள் வண்டி இறக்குவது அமீரகத்தில் 2023 முதல் கடும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

அரபிக்கடற் புயல்கள் பெரும்பாலும் பருவக்காற்று தொடங்கும் முன்னும் ஓய்ந்த பின்னுமே பிறக்கும். 2007 சூனில் கோனு, 2018 மே மாதத்தில் மெக்குனு, 2021 அக்டோபரில் ஷாஹீன் ஆகியன ஓமானைத் தாக்கின. கோனுவின்போது அமீரகத்தின் ஃபுஜைராக் கரையிலும் கடல் உள்ளே புகுந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் அரபிக்கடல் வெப்பமேறி வருவதால், மே, அக்டோபர் மாதங்களில் வானிலை அறிக்கையைக் கவனிப்பது நமக்கும் இன்றியமையாதது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் மாலையில் காற்று வரும் திசையையும், வாடை, தென்றல், கொண்டல், கோடை என்னும் பெயரையும் எழுதி வருக. மூக்குக்கண்ணாடியில் நீர் படிந்த நாள்களுக்குத் தனிக் குறியிடுக. ஆகஸ்டு 24-ஐ ஒட்டி விடியுமுன் தென்கிழக்கு அடிவானில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று தோன்றும். வெப்பம் தணியத் தொடங்கும் அடையாளமென அரபியர் அதனைச் சுஹைல் என்று போற்றுவர். நாம் அதனை அகத்தியர் என்போம். அது கண்ணிற்பட்ட நாளையும் குறித்து வைத்து, அதன்பின் இரவுக்காற்று எத்தனை நாளில் மாறுகின்றது என்று கணக்கிட்டு வகுப்பிற்குக் கொண்டு வருக.