ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் பிறந்த பத்திரிகை

எறையூர்

அன்புள்ள தம்பிக்கு,

1878 செப்டம்பர் 20 அன்று சென்னையில் ‘தி இந்து’ முதன்முதலாக வெளிவந்தது. அப்போது அது வாரப் பத்திரிகை. பக்கம் எட்டு, விலை நாலணா, அச்சிட்டது 80 பிரதி. அந்த 80 பிரதிக்கான செலவுக்கும் கையில் பணம் இல்லாமல் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். ஜி. சுப்பிரமணிய அய்யர், எம். வீரராகவாச்சாரியார், டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு ஆகிய ஆறு பேர் சேர்ந்து தொடங்கியது. முதல் இருவரும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஆறு பேரும் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடி விவாதித்துப் பழகியவர்கள். பத்திரிகை அச்சானது தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில்.

தொடங்கக் காரணம் ஒரு நியமனம். அந்த ஆண்டு டி. முத்துசாமி அய்யரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக அரசு அமர்த்தியது. இந்தியர் ஒருவர் அந்த இருக்கைக்கு வருவது சென்னையில் அதுவே முதல் முறை. வெள்ளையர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகைகள் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதின. பதில் சொல்லச் சென்னையில் இந்தியர் கையில் வலுவான ஆங்கிலப் பத்திரிகை இல்லை. அந்தப் பதிலைச் சொல்வதற்காகவே பிறந்தது இது. அதனால் இதன் வரலாற்றைத் தேதிவாரியாக மனப்பாடம் செய்வதைவிட, அது போட்ட சண்டைகளின் வழியாகவும், போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்ட சண்டைகளின் வழியாகவும் படிப்பது பயன் தரும்.

முதல் இருபது ஆண்டுகளும் சுப்பிரமணிய அய்யரின் காலம். 1883-ல் வாரத்துக்கு மூன்று முறை வரத் தொடங்கி, மவுண்ட் ரோட்டுக்கு இடம் மாறி, 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழானது. 1882-ல் நடந்த சேலம் கலவர வழக்கில் அரசு நடந்துகொண்ட விதத்தைப் பத்திரிகை தாக்கியது. 1885-ல் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியபோது முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இந்த ஆசிரியர்தான். அரசை எதிர்த்து எழுதியதற்காக வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். சமூகச் சீர்திருத்தம் என்று வந்தபோது கதை மாறியது. சிறுவயதிலேயே விதவையான தம் மகளுக்கு 1889-ல் அவர் மறுமணம் செய்து வைத்தார். குழந்தை மணத்தையும் கைம்மைக் கொடுமையையும் எதிர்த்துத் தம் பத்திரிகையிலேயே எழுதினார். வாங்கிப் படித்த அதே வட்டாரத்தினர் முகம் சுளித்தார்கள். கூடவே கடன், அவதூறு வழக்குகள். பங்குதாரரான வீரராகவாச்சாரியாருக்கு இந்தப் போக்கு சரிப்பட்டு வரவில்லை. 1898-ல் இருவரும் பிரிந்தார்கள். சுப்பிரமணிய அய்யர் தாம் 1882-ல் தொடங்கியிருந்த ‘சுதேசமித்திரன்’ தமிழ்ப் பத்திரிகைக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்தார், மறு ஆண்டே அதை நாளிதழாக்கினார். 1904-ல் சுப்பிரமணிய பாரதி வேலைக்குச் சேர்ந்தது அங்கேதான். நிறுவிய ஆசிரியரை அரசாங்கம் வெளியேற்றவில்லை, அவருடைய வாசகர்களும் கணக்குப் புத்தகமும்தான் வெளியேற்றின என்பதைப் பத்திரிகைப் பெருமை பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும்.

1905-ல் பத்திரிகை கைமாறியது. ஏற்கெனவே அதன் சட்ட ஆலோசகராக இருந்த வழக்கறிஞர் எஸ். கஸ்தூரிரங்க அய்யங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார். அப்போது விற்பனை சுமார் 800 பிரதி. சந்தாவை முன்பணமாகக் கட்டாதவர்களுக்கு இதழ் இல்லை என்று கறார் காட்டியே நிறுவனத்தை நிமிர்த்தினார். அடுத்த ஆண்டே அவருக்கு ஒரு பெரிய செய்தி கிடைத்தது. 1906 அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற ஆங்கிலேய நிதி நிறுவனம் அர்பத்நாட் திவாலானது. ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்களின் சேமிப்பு அதில் மூழ்கியது. ‘தி இந்து’ அதை விடாமல் எழுதியது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த வீழ்ச்சியின் எதிரொலியாக 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. 1919 மார்ச்சில் காந்தி சென்னை வந்தபோது தங்கியது கஸ்தூரிரங்க அய்யங்காருக்குச் சொந்தமான வீட்டில். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் கடையடைப்பு நடத்தும் எண்ணம் காந்திக்குத் தோன்றியது அந்த வீட்டில் கண்விழித்த ஒரு காலையில்தான்.

இதே காலத்தில் இன்னொரு திசையிலிருந்தும் கேள்வி எழுந்தது. 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியானது. படிப்பிலும் அரசுப் பதவிகளிலும் ஒரே சாதியின் ஆதிக்கம் இருப்பதை எடுத்துக்காட்டிய ஆவணம் அது. ‘தி இந்து’ அதைத் தன் பக்கங்களில் அச்சிட்டது, கூடவே தலையங்கத்தில் கண்டித்தது. அச்சிட்டதை நேர்மை என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பக்கங்களில் தங்களுக்கு இடமில்லை என்று கருதியவர்கள் 1917-ல் ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளிதழையும் ‘திராவிடன்’ என்ற தமிழ் நாளிதழையும் தொடங்கினார்கள். வெள்ளையர் பத்திரிகைகளில் தங்கள் குரல் வரவில்லை என்று 1878-ல் ஆறு இளைஞர்கள் செய்த அதே காரியத்தை, அவர்கள் தொடங்கிய பத்திரிகைக்கு எதிராகவே இன்னொரு கூட்டம் செய்ய வேண்டி வந்தது. ‘மவுண்ட்ரோடு மகாவிஷ்ணு’ என்று இந்தப் பத்திரிகைக்குப் பின்னாளில் ஒரு பட்டப்பெயர் வழங்கியது. மரியாதை பாதி, கேலி பாதி.

1934 முதல் 1959 வரை ஆசிரியராக இருந்தவர் கஸ்தூரி சீனிவாசன். இந்தக் காலத்தில் வளர்ச்சிதான் முக்கியச் செய்தி, சச்சரவுகள் குறைவு. ஒன்றை மட்டும் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அறிந்து வைத்துக்கொள்ளலாம். 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த நாட்களில் ‘தி இந்து’வின் முதல் பக்கம் விளம்பரங்களுக்கு உரியது, எவ்வளவு பெரிய செய்திக்கும் உள்பக்கம்தான். முதல் பக்கத்தில் செய்தி என்ற வழக்கம் அங்கே 1958 ஜனவரியில்தான் வந்தது. 1960-களில் சொந்த விமானங்கள் வைத்து வெளியூர்களுக்குப் பிரதி அனுப்பிய நிறுவனம், முதல் பக்கத்தை மாற்றிக்கொள்ள எண்பது ஆண்டு எடுத்துக்கொண்டது என்பது அதன் குணத்தைக் காட்டுகிறது.

1975-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் மீது தணிக்கை விழுந்தது. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’, ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆகியவை தம்மால் முடிந்தவரை எதிர்த்து நின்றன. ‘தி இந்து’ அப்படி நிற்கவில்லை. நாட்டின் செய்தி நிறுவனங்களை எல்லாம் ஒன்றாக இணைத்து அரசு உருவாக்கிய ‘சமாச்சார்’ அமைப்புக்கு, அப்போதைய ஆசிரியர் ஜி. கஸ்தூரியே தலைவரானார். அவர் நவீன அச்சு முறைகளைக் கொண்டுவந்தவர், திறமையான நிர்வாகி. ஆனாலும் அந்த இருபத்தொரு மாதங்களை அந்தப் பத்திரிகையின் நல்ல காலம் என்று யாரும் சொல்வதில்லை.

அதே ஆசிரியரின் காலத்தில்தான் பத்திரிகையின் மிகப் பெரிய புலனாய்வும் நடந்தது. ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் ராணுவத்துக்குப் பீரங்கிகள் வாங்க இந்திய அரசு 1986 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தது. 1987 ஏப்ரல் 16 அன்று, இதில் லஞ்சம் கைமாறியதாக ஸ்வீடன் வானொலி சொன்னது. ஜெனீவாவில் இருந்த செய்தியாளர் சித்ரா சுப்பிரமணியமும் சென்னையில் இணை ஆசிரியராக இருந்த என். ராமும் ஆவணங்களைத் திரட்டி 1988 முதல் ‘தி இந்து’வில் வெளியிட்டார்கள். யாரோ சொன்னதாக எழுதாமல், ஒப்பந்தத் தாள்களையும் வங்கிக் கட்டளைகளையும் படமாகவே அச்சிட்டதால் அரசால் எளிதில் மறுக்க முடியவில்லை. ஆவணங்களைக் கொடுத்து உதவியவர் ஸ்வீடன் காவல்துறையின் விசாரணைத் தலைவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம் என்பது 2012-ல்தான் வெளியே தெரிந்தது.

1989 அக்டோபரில், பொதுத் தேர்தல் நெருங்கிய வேளையில், போஃபர்ஸ் தொடர் ஒன்றின் நடுவிலேயே வெளியீடு நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் ஆசிரியர் ஜி. கஸ்தூரி, என். ராமின் உறவினர். ராம் தம் சொந்தப் பத்திரிகையின் முடிவைக் கண்டித்துப் பகிரங்கமாக அறிக்கை விட்டார். சித்ரா சுப்பிரமணியம் தம் ஆவணங்களுடன் வேறு பத்திரிகைகளுக்குப் போனார், மீதி அங்கே வந்தது. நாட்டின் அரசியலையே அசைத்த செய்தியைத் தொடங்கியதும் ‘தி இந்து’தான், பாதியில் கைவிட்டதும் அதுதான். குடும்பச் சொத்தாக இருக்கும் பத்திரிகையில் ஆசிரியர் கூட்டத்தின் வாக்குவாதம் வீட்டுச் சண்டையாகவும் ஆகிவிடுகிறது. 2010-11-ல் இயக்குநர் குழுவுக்குள் மூண்ட பிணக்கும் இவ்வாறே வெளியில் கசிந்தது. அதன் முடிவில் குடும்பத்துக்கு வெளியிலிருந்து சித்தார்த் வரதராஜன் ஆசிரியரானார். 2013 அக்டோபரில் குடும்பத்தினர் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவர் விலகினார்.

சட்டமன்றத்துடன் நடந்த மோதல் தனிக் கதை. 2003 ஏப்ரலில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் சட்டமன்றப் பேச்சுகளைப் பற்றி வந்த செய்திகளும், ஏப்ரல் 25 அன்று வந்த ஒரு தலையங்கமும் அவையின் உரிமையை மீறியவை என்று சொல்லப்பட்டது. நவம்பர் 7 அன்று ஆசிரியர் என். ரவி, வெளியீட்டாளர், மூன்று மூத்த பத்திரிகையாளர்கள் ஆகியோருக்கும், அந்தத் தலையங்கத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட ‘முரசொலி’ ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று பேரவை தீர்மானித்தது. அன்று மாலையே காவலர்கள் மவுண்ட் ரோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. இந்த வழக்குக்கு ஒரு முன்னோடி உண்டு. 1987-ல் அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு இதே பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்து, எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் விடுவித்தது. தன் உரிமை எது, அது எப்போது மீறப்பட்டது, தண்டனை என்ன என்று மூன்றையும் அவையே தீர்மானிக்கும் முறை இன்னும் திருத்தமாக வகுக்கப்படவில்லை. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருக்கும் வழக்கில் பத்திரிகையாளர் பக்கமே நியாயம் அதிகம்.

ஈழப் பிரச்சினையில் வந்த கண்டனம் அரசிடமிருந்து வரவில்லை, தமிழ் வாசகர்களிடமிருந்து வந்தது. 2005-ல் என். ராம் இலங்கை அரசின் ‘ஸ்ரீலங்கா ரத்னா’ விருதை ஏற்றார். விடுதலைப் புலிகளைக் கடுமையாக எதிர்த்த பத்திரிகை, இலங்கை அரசிடம் மென்மையாக நடந்துகொள்கிறது என்ற குற்றச்சாட்டு அதற்குப் பின் வலுத்தது. 2008-09-ல் இறுதிப் போர் நடந்தபோது தமிழகத்தில் அதன் பிரதிகளை எரித்துப் போராடினார்கள். புலிகளின் கொலைகளை எழுதியது சரி. அதே அளவு வெளிச்சம் வன்னியில் சிக்கிய மக்கள் மீது விழுந்ததா என்ற கேள்விக்கு அந்த ஆண்டுகளின் இதழ்களைப் புரட்டித்தான் விடை காண வேண்டும். கன்னிமாரா நூலகத்தில் பழைய இதழ்கள் கிடைக்கும்.

வாசகர் புகாரை விசாரித்துத் தவற்றை அச்சிலேயே ஒப்புக்கொள்ள, 2006-ல் தனிப் பொறுப்பாளர் ஒருவரை நிறுவனம் அமர்த்தியது. 2013-ல் தமிழிலும் ஒரு நாளிதழ் தொடங்கியது. அது இன்று ‘இந்து தமிழ் திசை’. 2015 டிசம்பர் 2 அன்று பெருவெள்ளத்தால் ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போக முடியாமல், சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. 137 ஆண்டில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை.

அடுத்த பெரிய சச்சரவு ரஃபேல் போர் விமானங்களைப் பற்றியது. 2019 பிப்ரவரி 8 அன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் உள்குறிப்பு ஒன்றை ‘தி இந்து’ வெளியிட்டது. பிரதமர் அலுவலகம் தனியாகப் பேச்சு நடத்தியதை அதிகாரிகள் ஆட்சேபித்ததாக அந்தக் குறிப்பு சொன்னது. அதே தாளின் கீழே அமைச்சர் மனோகர் பாரிக்கர் எழுதியிருந்த பதில் வெளியிட்ட படத்தில் இல்லை. ஆதரவாளர்களைக்கூட நெளிய வைத்த குறை அது. மார்ச்சில் அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றத்தில், ஆவணங்கள் திருடப்பட்டவை, அலுவலக ரகசியச் சட்டத்தின்படி குற்றம் என்று வாதிட்டது. ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆட்சேபத்தை நிராகரித்து, வெளியான ஆவணங்களை வழக்கில் பார்க்கலாம் என்றார்கள். நவம்பரில் அதே நீதிபதிகள் விமான ஒப்பந்தத்தை விசாரிக்கக் கோரிய மறுஆய்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தார்கள்.

அன்புடன்,
பெரியப்பா